அப்பாயிக்கு எதுக்கு எக்சசைஸ்?

"ஒழச்சு ஒழச்சு தேஞ்ச ஒடம்பு. இனி என்னடா எக்சசைஸ்?"

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், வயசானவங்களுக்கு ஒரு உடற்பயிற்சி வகுப்பு தொடங்கலாமா என்று கேட்டபோது லயத்து வாசலில் எங்களுக்குக் கிடைத்த பதில் இது. சிரித்துவிட்டு வர முடியவில்லை. நாற்பது வருசம் மலையேறிக் கொழுந்து பறித்தவரிடம் "இன்னும் கொஞ்சம் பாரம் தூக்குங்க" என்றால் கிண்டல் மாதிரித்தான் கேட்கும்.

ஆனாலும் தூக்கத்தான் வேண்டும் என்கிறோம் நாங்கள்.

மலை ஏறும்வரை கால் பலமாக இருக்கும். வேலையை விட்டு லயத்தில் உட்கார்ந்ததும் தசை கரையத் தொடங்கும். முந்தி உழைத்த உழைப்பு சேமிப்பில் கிடக்காது. மழை பெய்த ராத்திரியில் கக்கூசுக்குப் படியிறங்கும்போதுதான் அது தெரியும். இடுப்பெலும்பு முறிந்தால் பதுளை ஆஸ்பத்திரி, அப்புறம் படுக்கை. "வயசாச்சு, அப்படித்தான்" என்று நாமும் சொல்லிவிடுகிறோம்.

அப்படித்தான் என்றில்லை. 1990ல் அமெரிக்காவின் பொஸ்டனில், முதியோர் இல்லமொன்றில் இருந்த சராசரி 90 வயதுக்காரர் பத்துப் பேருக்கு 8 கிழமை கால் பயிற்சி கொடுத்தார்கள். எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. 1994ல் 100 பேரை வைத்து நடந்த ஆய்விலும் வலு இரட்டிப்புக்கு மேலானது. பயிற்சியில்லாமல் சத்துணவு மட்டும் பெற்றவர்களுக்குத் தளர்ச்சி குறையவில்லை.

இதற்கு ஜிம் வேண்டாம். கதிரையில் கைபிடிக்காமல் எழும்பி உட்காருவது பத்துத் தடவை, கிழமைக்கு மூன்று நாள். அது லேசானதும் கையில் ஆளுக்கு ரெண்டு தண்ணிப் போத்தல். ஒரு லீற்றர் என்றால் ஒரு கிலோ. பிரசர், நெஞ்சு வருத்தம் உள்ளவங்க முதலில் கிளினிக்கில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டையும் மறைக்கக்கூடாது. ரொட்டியும் சம்பலும் மட்டும் தின்று தசை வளராது. பருப்பு, கடலை, முட்டை வேண்டும். அது சம்பளப் பிரச்சினை. அதற்கான சண்டையை விடப்போவதில்லை. ஆனால் சம்பளம் கூடும்வரை அப்பாயியின் கால் காத்திருக்காது.

வொலிபோல் நெற்றுக்குக் காசு சேர்க்கத் தெரிந்த நமக்கு, வாசிகசாலையில் கேரம் போர்டை ஒதுக்கி ஆறு கதிரை போடத் தெரியாதா? முதல் கதிரையில் நம்ம வீட்டு ஆளை உட்கார வைப்போம்.