திரையில் தெரியும் நகரம், தெரியாத கைகள்

“இந்த வேலையில் மாதச் சம்பளம் உண்டா?” தொலைக்காட்சிக் கலை இயக்கம் படிக்கப் போகிறேன் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. அதைத் தேடித்தான் ஆஸ்திரேலியரான டெபோரா ரைலியின் பணிப்பயணத்தைப் படித்தேன்.

‘கேம் ஆஃப் துரோன்ஸ்’ தொடரின் முதல் மூன்று பருவங்களுக்குத் தயாரிப்பு வடிவமைப்பாளர் ஜெம்மா ஜாக்சன். 2014ல் ஒளியேறிய நான்காம் பருவத்திலிருந்து, 2019ல் தொடர் முடியும்வரை அப்பொறுப்பை ஏற்றவர் ரைலி. 2014, 2015, 2016, 2018 என நான்கு எம்மி விருதுகள் அவருக்குக் கிடைத்தன. ஒவ்வொரு முறையும் குழுவினருடன் பகிர்ந்துகொண்ட விருது அது.

விருதுகளுக்கு முந்திய ஆண்டுகளே என்னை யோசிக்க வைத்தன. ஆஸ்திரேலியாவின் தேசிய நாடகக் கலைக் கழகத்தில் பயின்ற ரைலி, ‘மூலான் ரூஜ்’ படத்தின் கலைக் குழுவில் பணியாற்றினார். ‘21 கிராம்ஸ்’ (2003) படத்தில் கலை இயக்குநரானார். அதன்பின் முதல் எம்மி வர 11 ஆண்டுகள் ஆயின. படத்துக்குப் படம் ஒப்பந்த வேலை என்பதே இத்துறையின் வழக்கம். அம்மாவின் கேள்வி நியாயமானதுதான்.

இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்துள்ளது. செயற்கை நுண்ணறிவிடம் ஒரு வரி எழுதினால் கோட்டையின் படம் சில விநாடிகளில் வந்துவிடுகிறது. பிறகு கலை இயக்குநர் எதற்கு?

அந்தத் தொடரின் இறுதிப் பருவத்துக்காக, டைட்டானிக் கப்பல் உருவான பெல்ஃபாஸ்ட் கப்பல் பட்டறைப் பகுதியில் ஒரு நகரத்தின் தெருக்களையே கட்டி எழுப்பினார்கள். படிக்கட்டு எத்தனை பேரைத் தாங்கும், குதிரை எங்கே திரும்பும், கேமரா எப்படி நுழையும், பணம் போதுமா என்பதையெல்லாம் ஒருவர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ‘த மேண்டலோரியன்’ (2019) தொடரில் பயன்படுத்திய எல்இடி திரைச் சுவர்களும் இப்பொறுப்பைக் குறைக்கவில்லை. பின்னணிக் காட்சி படப்பிடிப்புக்கு முன்பே தயாராக வேண்டியிருப்பதால், வடிவமைப்பாளரின் முடிவுகள் இன்னும் முன்னதாகத் தேவைப்படுகின்றன.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. தொடக்கநிலை ஓவியங்களும் மாதிரி வரைபடங்களும்தாம் இளையர்கள் இத்துறையில் நுழையும் வாசல். அவற்றை இயந்திரம் செய்துவிட்டால், ரைலி ஏறி வந்த ஏணியின் முதல் படி நமக்கு இருக்குமா? தயாரிப்பு நிறுவனங்களும் கல்விக்கழகங்களும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

நமக்கும் இதில் பங்குண்டு. லாசால், நன்யாங் நுண்கலைக் கழகம் ஆகியவற்றின் கூட்டணியில் உருவான சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் 2024ல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அங்கு விண்ணப்பிக்கவிருக்கிறேன். அதுவரை, உள்ளூர்த் தமிழ் நாடகக் குழு ஒன்றின் அரங்க அமைப்புக்கு மரப்பலகை அறுக்கக் கற்று வருகிறேன். செலவுக் கணக்கு எழுதவும் பழகுகிறேன்.

“மாதச் சம்பளம் உறுதியில்லை, அம்மா. ஆனால், நாளை இயந்திரம் என்னதான் வரைந்தாலும் அதைக் கட்டத் தெரிந்தவளாக இருப்பேன்” என்றேன். அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் நாடகம் எப்போது என்று கேட்டிருக்கிறார்.