பிஆர்பி ஊசிக்கு முன்னால் சொல்ல வேண்டியது

முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு ‘உங்கள் ரத்தமே மருந்து’ என்று சொல்லி பிஆர்பி ஊசியைப் பரிந்துரைக்கும் மருத்துவமனைகள் பெருகிவிட்டன. கையிலிருந்து ரத்தம் எடுத்து இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றுகிறார்கள். சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிட, தட்டணுக்கள் செறிந்த வெளிர்மஞ்சள் பிளாஸ்மாவை (இதுதான் பிஆர்பி) பிரித்தெடுத்து மூட்டுக்குள் செலுத்துகிறார்கள். டெங்கு வந்தால் எத்தனை இருக்கிறது என்று கேட்டுப் பதறுகிறோமே, அதே தட்டணுக்கள்தான். காயம் ஆற உதவும் வளர்ச்சிக் காரணிகள் அவற்றில் இருப்பதால், தேய்ந்த மூட்டுக்கும் உதவலாம் என்ற எதிர்பார்ப்பில் தவறில்லை. ஆனால், அந்த எதிர்பார்ப்பை நிரூபிக்கப்பட்ட சிகிச்சையைப் போல விலைக்கு விற்பது தவறு.

இந்த ஊசியைக் கறாராகச் சோதித்த ஆய்வுகளில் முக்கியமானது, 2021இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு. சிட்னி, மெல்போர்ன் நகரங்களில் 50 வயதைக் கடந்த 288 பேர் இதில் பங்கேற்றார்கள். அவர்களுக்கு இருந்தது லேசான அல்லது மிதமான தேய்மானம். எல்லோரிடமும் ரத்தம் எடுத்தார்கள். வாரம் ஒன்றாக மூன்று ஊசிகள். பாதிப் பேருக்கு பிஆர்பி, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது போனது என்பது நோயாளிக்கும் தெரியாது, ஊசி போட்டவருக்கும் தெரியாது. ஓராண்டு கழித்து, 10 புள்ளி வலி அளவுகோலில் பிஆர்பி பெற்றவர்களுக்குச் சராசரியாக 2.1 புள்ளி வலி குறைந்திருந்தது. உப்புநீர் பெற்றவர்களுக்கு 1.8. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. எம்ஆர்ஐ ஸ்கேனில் அளந்த குருத்தெலும்பின் கன அளவு முதல் தரப்பில் 1.4 சதவீதமும் இரண்டாவது தரப்பில் 1.2 சதவீதமும் குறைந்திருந்தது. குருத்தெலும்பு மீண்டும் வளரும் என்ற வாக்குறுதிக்கு இங்கே எந்த ஆதாரமும் இல்லை.

‘போட்டுக்கொண்டவர்களுக்கு வலி குறைகிறதே’ என்பார்கள். குறைகிறது, உப்புநீருக்கும்தான் குறைந்தது. மூட்டுவலி ஏறி இறங்கும் இயல்புடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் பெரும்பாலோர் மருத்துவரைத் தேடிப் போகிறார்கள். ஊசி என்றாலே பிறக்கும் நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: ஆஸ்திரேலிய ஆய்வில் செலுத்திய தட்டணுக்களின் அளவு போதாது என்பது. சண்டிகரின் பிஜிஐ மருத்துவ நிறுவன மருத்துவர்கள் 78 நோயாளிகளிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், உப்புநீரைவிட பிஆர்பி தெளிவாகவே பலன் தந்தது. இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால், அது சிறிய ஆய்வு. ஆறு மாதமே கண்காணித்தது. அதற்குள்ளேயே பலன் தேயத் தொடங்கியிருந்தது. தவிர, அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால், தன் மூட்டுக்குள் எத்தனை தட்டணுக்கள் போகின்றன என்று நோயாளிக்குச் சொல்ல வேண்டாமா? தயாரிக்கும் முறையில் ஒரு சீர்மை இல்லை என்பதையும் கருதித்தான் அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்கள் கல்லூரி, 2019 வழிகாட்டுதலில் இந்த ஊசி வேண்டாம் என்று அழுத்தமாகப் பரிந்துரைத்தது. 2021இல் அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் அமைப்பு சற்று இளகியது. ஆனால், அதன் ஆதரவும் மிகவும் வரம்புக்குட்பட்டதே.

சொந்த ரத்தம்தானே, என்ன கெடுதல் வந்துவிடும் என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. சில நாள் வலியும் வீக்கமும் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. ஓய்வூதியத்திலோ பிள்ளைகளின் சம்பளத்திலோ செலவழியும் ஆயிரக்கணக்கான ரூபாயும், ஊசியை நம்பி உடற்பயிற்சியைத் தள்ளிப்போடும் மாதங்களுமே உண்மையான இழப்பு. அதிக எடை உள்ளவர்கள் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சிகள் வலியைக் குறைப்பதற்குச் சான்று ஏராளம். தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. முதலில் போக வேண்டிய வழி இது.

பிஆர்பியைத் தடைசெய்யச் சொல்லவில்லை. ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும். தட்டணு எண்ணிக்கை, மொத்தச் செலவு, உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வு முடிவு மூன்றும் அதில் இடம்பெறட்டும். குருத்தெலும்பு வளரும் என்ற விளம்பர வரியை மருத்துவக் கவுன்சில் நீக்கச் செய்யட்டும். அளவுதான் பிரச்சினை என்று நம்பும் மருத்துவர்கள், அரசு மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்து, தட்டணுக்களை எண்ணிச் செலுத்தி, ஓராண்டாவது கண்காணிக்கும் பெரிய ஆய்வை நடத்தட்டும். அந்த ஆய்வில் சேரும் நோயாளியிடம் ஊசிக்குக் கட்டணம் வாங்கக் கூடாது.