மணிச்சட்டம் தோட்டத்துப் பிள்ளைக்கும் எட்டட்டும்

பகாவ் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தலைமுறைக்குக் கணக்கு என்பது வயிற்றுப்பாடு. பாலின் எடையும் வேலைக்குப் போன நாள்களும் கிராணியின் பேரேட்டில் ஏறின. அதைச் சரிபார்க்கத் தெரியாதவர் கொடுத்த சம்பளத்தை வாங்கிக்கொண்டார். கணக்கறிவு இருந்தவரால்தான் கேள்வி கேட்க முடிந்தது.

இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் படிக்கும் காலத்தில் ‘அபாகஸ்’ எனும் மணிச்சட்டப் பயிற்சி பெரும் தொழிலாக வளர்ந்திருக்கிறது. மலேசியாவில் 1993-இல் தொடங்கிய யூசிமாஸ் இந்தியா உட்படப் பல நாடுகளுக்குப் பரவியுள்ளது. ஆனால் மாதக் கட்டணமும் பட்டணத்துக்குப் போய்வரும் செலவும் தோட்டத்துப் பெற்றோருக்குச் சுமையே. எனவே இக்கருவி உண்மையில் என்ன செய்கிறது என்பதை நாம் தெளிவாக அறிய வேண்டும்.

சீனாவிலிருந்து ஜப்பானுக்குச் சென்ற மணிச்சட்டம் அங்கே ‘சொரொபான்’ ஆயிற்று. ஒவ்வொரு கம்பியிலும் மேலே ஒரு மணி. அதன் மதிப்பு 5. கீழே நான்கு மணிகள். ஒவ்வொன்றின் மதிப்பும் 1. டோக்கியோவில் 1946 நவம்பர் 12-ஆம் நாள் நடந்த போட்டியில், மின் கணிப்பானை இயக்கிய அமெரிக்கப் படைவீரர் தாமஸ் வுட்டை, சொரொபான் கொண்டு கியோஷி மட்சுசாக்கி 4-1 என்ற கணக்கில் வென்றார்.

வேகத்தைவிட முக்கியமானது அது கற்றுத்தரும் முறை. 8-உடன் 6-ஐக் கூட்ட வேண்டும் என்று கொள்வோம். ஒன்றாம் இடத்தில் 6-க்குப் போதிய மணிகள் இல்லை. ஆகவே பிள்ளை 10-ஐ ஏற்றி 4-ஐக் கழிக்கிறது. கீழே மூன்று மணிகளே இருப்பதால், 5-ஐ நீக்கி 1-ஐச் சேர்க்கிறது. விடை 14. இடமதிப்பும் பத்தின் இணைகளும் விரல்நுனியில் பதிகின்றன. பழகியபின், சட்டத்தை மனக்கண்ணில் கண்டே கணக்குப் போடுகிறது.

ஆனால் ‘மூளைத்திறன் பெருகும்’ என்ற விளம்பரத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. குஜராத்தின் வடோதராவில் பள்ளிப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து மூன்று ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். முடிவு 2016-இல் வெளிவந்தது. மணிச்சட்டம் கற்றவர்கள் எண்கணிதத்தில் முன்னேறினர். நினைவாற்றல் போன்ற அடிப்படைத் திறன்களில் அவர்களுக்குத் தனி உயர்வு தென்படவில்லை. அதாவது, இது கணக்குக்கு நல்ல கருவி, மந்திரக்கோல் அன்று. வாக்கியக் கணக்கைப் படித்து, கூட்டுவதா கழிப்பதா என்று முடிவு செய்ய மணிகள் உதவா. அதற்கு மொழியும் சிந்தனையும் வேண்டும்.

நல்ல கருவி என்றால், அது பணம் உள்ளவர் வீட்டோடு நின்றுவிடக் கூடாது. நமக்கு மனக்கணக்கு புதிதும் அன்று. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனனம் செய்து, முந்திரி எனும் 1/320 பின்னம் வரை நம் முன்னோர் பழகினார்கள். தொடக்கப் பள்ளிக் கணிதப் பாடத்திலும் 4:1 மணிச்சட்டம் இடம்பெற்றதுண்டு. அதைப் பயன்படுத்தப் பொறுமையாகக் கூட உட்கார ஆள் வேண்டும்.

அந்த ஆள் நீங்களாக இருக்கலாம், மாணவர்களே! ஐந்தாம் படிவ மாணவருக்கும் பல்கலைக்கழக மாணவருக்கும் இதன் அடிப்படையைக் கற்க நெடுநாள் தேவையில்லை. சாத்தே குச்சி மூன்று, மணிகள் பதினைந்து, ஓர் அட்டைச் சட்டம்: நூறாம் இடம் வரை கணக்குப் போடலாம். விடுமுறைக்குத் தோட்டத்துக்குத் திரும்பும்போது, தலைமையாசிரியரிடம் அனுமதி கேளுங்கள். நான்கைந்து பிள்ளைகளோடு தொடங்குங்கள். மணியை நகர்த்திய பிறகு, “ஏன் அப்படிச் செய்தாய்?” என்று கேட்க மறக்காதீர்கள். காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத்தான் கணக்கு சொந்தமாகும்.