இரண்டாம் கட்டம் எப்போது?



காசாவில் போர்நிறுத்தம் என்று செய்தி வந்த மறுநாள், ஏழாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்று, "அப்படின்னா சண்டை முடிஞ்சிடுச்சா மிஸ்?" என்று கேட்டானாம். அந்த வகுப்பின் ஆசிரியை எனக்கு எழுதியிருந்தார். "ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை, இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?" பதில் எழுத உட்காருவதும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்து வைப்பதுமாகச் சில வாரங்கள் ஓடிவிட்டன. இந்தப் பக்கத்தை அவருக்கே எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2025 அக்டோபர் 10 அன்று போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. 13-ஆம் தேதி, ஹமாஸ் பிடியில் உயிரோடு எஞ்சியிருந்த 20 பிணைக்கைதிகளும் வீடு திரும்பினார்கள். இஸ்ரேல் சிறைகளிலிருந்து ஏறத்தாழ 2,000 பாலஸ்தீனர்கள் விடுவிக்கப்பட்டார்கள். டெல் அவிவ் சதுக்கத்திலும், கான் யூனிஸில் பேருந்துகள் வந்து நின்ற மருத்துவமனை வாசலிலும் ஒரே நாளில் கூட்டம் அலைமோதியது. இரண்டு தரப்பிலும் பெற்ற தாய்மார் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்தேன். மொழியை எடுத்துவிட்டால் எது எந்த ஊர் என்று சொல்ல முடியாது.

அந்த நாளுக்கு முன்னால் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் பிணைக்கைதிகளாகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அதன் பிறகு வெறும் 365 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காசாவில், அங்குள்ள சுகாதார அமைச்சகத்தின் கணக்குப்படி 67,000-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அதில் ஆயிரமாயிரம் குழந்தைகள். உயிர் தப்பியவர்களில் பெரும்பாலானவர்கள் ஒரு தடவையாவது வீட்டைவிட்டு ஓடியவர்கள்.

பிறகு ஏன் "ஆமாம்" என்று சொல்ல அந்த ஆசிரியைக்கு வாய் வரவில்லை? இது முதல் போர்நிறுத்தமாக இருந்தால் வந்திருக்கும். 2023 நவம்பரில் ஒரு வாரம் துப்பாக்கிகள் ஓய்ந்தன. 2025 ஜனவரி 19 அன்று மறுபடியும் ஓர் உடன்பாடு, மூன்று கட்டங்களாக. போரை நிரந்தரமாக முடிப்பது இரண்டாம் கட்டம். அதற்கான பேச்சு பதினாறாம் நாளே தொடங்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். அது உருப்படியாகத் தொடங்கவே இல்லை. மார்ச் 18, நோன்பு மாதம். சஹர் உணவுக்கு எழ வேண்டிய அதிகாலையில் குண்டுகள் விழுந்தன. ஒரே நாளில் 400 பேருக்கு மேல் மாண்டார்கள்.

எனக்குப் படுவது இதுதான்: இந்தப் பிரச்சினையில் முதல் கட்டம் எப்படியோ நடந்துவிடுகிறது. கைதிகளை மாற்றிக்கொள்வதும், லாரிகளில் மாவு மூட்டைகளை உள்ளே விடுவதும் அதில் வரும். நிலம் யாருடையது, ஆயுதம் யார் கையில், ஆள்வது யார் என்ற கேள்விகளை மட்டும் இரண்டாம் கட்டத்துக்கு என்று ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். அந்தக் கட்டம் வருவதே இல்லை.

1993 செப்டம்பர் 13 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் இஸ்ரேல் பிரதமர் ராபினும் பாலஸ்தீனத் தலைவர் அராஃபத்தும் கை குலுக்கிய படத்தைப் பார்த்து எத்தனை பேர் நம்பினோம்! அந்த ஓஸ்லோ உடன்பாட்டிலும் ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லை ஆகிய நான்கும் பின்னால் பேசிக்கொள்ளலாம் என்றே விடப்பட்டன. ஐந்தாண்டு இடைக்காலம் என்றார்கள். சமாதானத்தைப் பிடிக்காதவர்களுக்கு அந்த இடைக்காலமே வசதியாகப் போயிற்று. 1994 பிப்ரவரியில் ஹெப்ரான் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை ஒரு யூதத் தீவிரவாதி சுட்டுக் கொன்றான். அடுத்து ஹமாஸின் தற்கொலைக் குண்டுகள் பேருந்துகளில் வெடித்தன. 1995 நவம்பர் 4 அன்று ராபினையே அவருடைய இனத்தைச் சேர்ந்த ஒருவன் சுட்டுக் கொன்றான். இதற்கிடையே மேற்குக் கரையில் வீடுகள் எழும்பிக்கொண்டே இருந்தன. ஓஸ்லோ காலத்தில் அங்கே ஒரு லட்சத்துச் சொச்சமாக இருந்த யூதக் குடியேறிகள், கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமலே, இன்று சுமார் ஐந்து லட்சம். எந்த நிலத்தைப் பற்றிப் பேச வேண்டுமோ, அந்த நிலமே பேச்சு நடக்கும்போது கரைந்துகொண்டிருந்தது.

ஓஸ்லோவுக்குப் பின்னால் இருந்த அதே நார்வேதான் 2002 பிப்ரவரியில் இலங்கையிலும் போர்நிறுத்தத்துக்கு நடுநின்றது. யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 சாலை திறந்த அன்று எத்தனை குடும்பங்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்று சேர்ந்தன! அரசியல் தீர்வு என்ற முக்கியமான பேச்சு மறு ஆண்டே நின்றுபோனது. 2008 ஜனவரியில் ஒப்பந்தமும் போயிற்று. அதன் பிறகு நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை.

நிலைத்த உடன்பாடு ஒன்றும் மேற்காசிய மண்ணில் உண்டு. எகிப்தும் இஸ்ரேலும் 1948 முதல் 1973 வரை நான்கு பெரிய போர்களில் மோதியவை. 1977 நவம்பரில் எகிப்து அதிபர் சதாத் நேராக ஜெருசலேமுக்கே போய் இறங்கினார். 1979-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் முக்கியமானதைத் தள்ளிப்போடவில்லை. சினாய் முழுவதையும் திருப்பித் தருவது என்று தேதியோடு எழுதினார்கள். 1982-இல் இஸ்ரேல் தன் மக்களையே யாமித் குடியேற்றத்திலிருந்து வெளியேற்றிவிட்டு நிலத்தை ஒப்படைத்தது. சதாத்தைக் கொன்றுவிட்டார்கள். ஒப்பந்தம் இன்றுவரை உயிரோடிருக்கிறது.

தலைவர்களைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டு தகப்பன்மாரைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

ராமி எல்ஹனான் ஜெருசலேம்காரர், ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து தப்பிப் பிழைத்தவரின் மகன். 1997 செப்டம்பரில், பள்ளி தொடங்கிய முதல் வாரத்தில், புத்தகம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போன அவருடைய 13 வயது மகள் தற்கொலைக் குண்டுக்குப் பலியானாள். ஒரு வருடம் கோபத்திலேயே கழிந்தது. பிறகு, இரு தரப்பிலும் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் கூடும் ஓர் அமைப்பின் கூட்டத்துக்கு அரைமனதாகப் போனார். பாலஸ்தீனர்கள் வந்த பேருந்திலிருந்து கறுப்பு அங்கி அணிந்த ஒரு பெண் இறங்கினார். அவர் நெஞ்சில் அவருடைய குழந்தையின் படம். தன் மனைவி மகளின் படத்தை வைத்திருப்பதைப் போலவே. அப்போது ராமிக்கு 47 வயது. பாலஸ்தீனர்களை மனிதர்களாகச் சந்தித்தது அன்றுதான் முதல் தடவை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பஸ்ஸாம் அராமின் பாலஸ்தீனர், 17 வயதில் இஸ்ரேல் சிறைக்குப் போய் ஏழு ஆண்டுகள் இருந்தவர். 2007 ஜனவரியில் அவருடைய பத்து வயது மகள் அபீர், பள்ளிக்குப் பக்கத்தில் கடையில் மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தவள், எல்லைக் காவல் படையின் ரப்பர் குண்டு தலையில் பட்டு விழுந்தாள். மருத்துவமனையில் அவர் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்தவர்களில் ஒருவர் ராமி. அபீரின் சாவுக்காக எவரும் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. ஆனால் இஸ்ரேல் ராணுவத்தில் பணியாற்றி விலகிய பலர் ஒன்றுசேர்ந்து அவள் படித்த பள்ளியில் ஒரு விளையாட்டுத் திடல் கட்டிக் கொடுத்தார்கள். ராமியும் பஸ்ஸாமும் ஒருவரையொருவர் சகோதரர் என்றே அழைக்கிறார்கள், ஊர் ஊராகச் சேர்ந்தே போய்ப் பேசுகிறார்கள். அவர்கள் அமைப்பில் 600-க்கும் மேற்பட்ட குடும்பங்கள்.

இவர்களால் மட்டும் சமாதானம் வந்துவிடாது. இன்றைய நிலவரம் கவலையாகவே இருக்கிறது. 2025 நவம்பர் 17 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 13 வாக்குகளோடு, இந்தப் போர்நிறுத்தத்துக்கு அடிப்படையான அமைதித் திட்டத்தை ஏற்றது. ரஷ்யாவும் சீனாவும் வாக்களிக்கவில்லை. காசாவின் குறுக்கே மஞ்சள் வண்ணம் பூசிய கான்கிரீட் கட்டைகளை வைத்து, பாதிக்கும் மேற்பட்ட பகுதியை இஸ்ரேல் ராணுவம் தன் வசம் வைத்துக்கொண்டது. போர்நிறுத்தம் வந்த பிறகும் நூற்றுக்கணக்கான பாலஸ்தீனர்கள் கொல்லப்பட்டார்கள். ஆயுதத்தைக் கீழே வைக்க ஹமாஸுக்கு மனமில்லை. பாலஸ்தீன நாடு என்ற சொல்லையே இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு ஏற்கவில்லை. பாலஸ்தீனர்கள் நாடாளுமன்றத் தேர்தலில் கடைசியாக வாக்களித்தது 2006-இல். தங்கள் பெயரில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்ல ஒரு தலைமுறைக்கே வாய்ப்புக் கிடைக்கவில்லை.

டீச்சர், அந்தப் பையனிடம் உண்மையையே சொல்லுங்கள். சண்டை முடியவில்லை, குறைந்திருக்கிறது. ஹமாஸ் ஆயுதத்தை விட வேண்டும், இஸ்ரேல் நிலத்தை விட வேண்டும், இரண்டுக்கும் தேதி எழுத வேண்டும். அது நடக்கக்கூடியதுதான், சினாயில் நடந்திருக்கிறது. இனி போர்நிறுத்தம் என்று செய்தி வரும்போதெல்லாம், "இரண்டாம் கட்டம் எந்தத் தேதியில்?" என்று அவன் கேட்கட்டும். வாசகர்களே, நாமும் அதையே கேட்போம்.

அன்புடன்,
ஆசிரியர்