எடுத்துக் கொடுக்கிறவன்

வாலிபால் கோஷ்டிக்கு ஆள் பொறுக்கும்போது அளவு நாடாவை முதலில் எடுக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆறு பேரில் ஐந்து பேரை எப்படி வேண்டுமானாலும் அளந்து கொள்ளட்டும். அவர்களுக்காக நான் வழக்காட வரவில்லை. ஆறாவதாக ஒருவன் இருக்கிறான். புத்தகங்களில் அவனுக்கு 'செட்டர்' என்று பெயர். எங்கள் காரைக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் "லிஃப்ட் போடுறவன்" என்றால்தான் தெரியும். அவனையும் இப்போது நாடாவால் அளக்கத் தொடங்கியிருக்கிறார்கள். என் சண்டை அதைப் பற்றியதுதான்.

விளையாட்டு என்றதும் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு தொடர்கதைக்கு ஓடும் வாசகர்கள் சற்றே பொறுக்க வேண்டும். விஷயம் எளிது. பதினெட்டு மீட்டர் நீளம், ஒன்பது மீட்டர் அகலத்தில் ஒரு களம், நடுவே வலை. ஆண்களுக்கு 2.43 மீட்டர் உயரம், பெண்களுக்கு 2.24. எதிரி அனுப்பிய பந்தை மூன்று தொடுதலுக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும். முதல் ஆள் வாங்குகிறான், இரண்டாம் ஆள் தூக்கிக் கொடுக்கிறான், மூன்றாம் ஆள் எம்பி 'ஸ்மாஷ்' அடிக்கிறான். கூட்டம் கை தட்டுவது அந்த மூன்றாம் ஆளுக்கு. ஆனால் கோஷ்டியில் அதிகத் தடவை பந்தைத் தொடுகிறவன் அந்த இரண்டாம் ஆள்தான். விடாமல் அவனையே பார்த்துக் கொண்டிருக்கிறவர்கள் மொத்த மைதானத்திலும் இரண்டே பேர்: ஒருவர் அவனுடைய பயிற்சியாளர், மற்றவர் எதிர்க் கோஷ்டியின் பயிற்சியாளர்.

இனித் தகராறுக்கு வருவோம். இரண்டாவது தொடுதலில் பந்தை யாருக்கும் கொடுக்காமல், தானே எதிர்ப்பக்கம் தட்டிவிடவும் செட்டருக்கு உரிமை உண்டு. உயரமும் துணிச்சலும் இருந்தால் ஸ்மாஷே அடித்துவிடலாம். "கொடுக்க மட்டும் தெரிந்தவன் எதற்கு? தானும் அடிக்கத் தெரிந்த உயரமான பையனைப் போட்டால் ஒரே ஆளில் இரண்டு ஆள் ஆச்சே!" என்பது இப்போது பல மைதானங்களில் கேட்கிற பேச்சு. கல்லூரித் தேர்வுகளில் இந்த வாதம் சுலபமாக ஜெயித்து விடுகிறது. ஒரு சம்பளத்துக்கு இரண்டு வேலை என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

எதிர்க்கட்சியின் நியாயத்தை முழுங்கிவிட்டுப் பேசுவது எனக்குப் பிடிக்காது. ஆட்டத்தில் ஆட்கள் சுற்றுமுறையில் இடம் மாறிக்கொண்டே வருகிறார்கள். ஒரே செட்டர் உள்ள கோஷ்டியில் அவன் ஆறு சுற்றில் மூன்றில் முன்வரிசையில் நிற்பான். அப்போது முன்வரிசையில் அடிக்க மிச்சம் இருப்பவர்கள் இரண்டே பேர். செட்டரும் அடிப்பான் என்ற பயம் இருந்தால், எதிரியின் தடுப்புக்காரன் ஒரு கண்ணை அவன் மேல் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஸ்மாஷருக்கு அந்த அரை வினாடி போதும். உலகப் பந்தயங்களிலும் இதற்குச் சாட்சி உண்டு. 2022-ல் இத்தாலி உலகச் சாம்பியன் ஆனபோது போட்டியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பரிசு வாங்கியவர் அதன் செட்டர் சிமோனே ஜியானெல்லி. ஏறத்தாழ ஆறரை அடி மனிதர். இரண்டாம் பந்தைத் தானே அடிக்கவும் அஞ்சாதவர்.

சரி, அந்த மூன்று சுற்று போனால் மிச்சம் மூன்று இருக்கிறதே? செட்டர் பின்வரிசைக்குப் போனதும் சட்டம் அவன் கையைக் கட்டிவிடுகிறது. வலையிலிருந்து மூன்று மீட்டர் கோட்டுக்குள் நின்றுகொண்டு, வலைக்கு மேலே இருக்கும் பந்தை எதிர்ப்பக்கம் தள்ளினால் தவறு. பாதி ஆட்டத்துக்கு உதவாத ஒரு வித்தைக்காக, முழு ஆட்டத்துக்கும் வேண்டிய வேலையை அரைகுறையாகக் கற்ற ஒருவனிடம் ஒப்படைக்கிறார்கள். ஜியானெல்லியைக் காட்டுகிறவர்கள் அவர் எத்தனை பந்தைத் தட்டினார் என்று சொல்கிறார்களே ஒழிய, எத்தனை பந்தைக் கொடுத்தார் என்று எண்ணுவதில்லை.

இரண்டாம் பந்துத் தட்டல் உப்பு மாதிரி. செட்டிநாட்டுச் சமையலுக்கு உப்பைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் திருவிழா இரவொன்றில், விளக்குப் போட்டு நடந்த ஒரு பந்தயம் பார்த்தேன். ஒரு கோஷ்டியின் செட்டர் ஆஜானுபாகு. முதல் செட்டில் ஐந்து பந்தைத் தானே தட்டி ஐந்து புள்ளி எடுத்தான். மைதானமே விசிலடித்தது. மூன்றாவது செட்டில் எதிரிகள் அவன் தோள் திரும்புவதைப் படித்துவிட்டார்கள். தட்டிய இடத்தில் ஆள் தயாராக நின்றான். அவனுடைய ஸ்மாஷர்களோ கையைத் தொங்கவிட்டு வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்தார்கள். ஆட்டம் தோற்றபின் தண்ணீர் குடிக்க வந்த ஒரு பையன், "பந்தைக் கையில தொட்டே ரொம்ப நேரமாச்சுண்ணே" என்று பக்கத்தில் நின்ற பெரியவரிடம் சொல்லிக் கொண்டிருந்தான். முன்பின் தெரியாத எனக்கே அது பாவமாக இருந்தது.

அடிக்கிறவனுக்குப் பந்து வராது என்ற சந்தேகம் வந்துவிட்டால் அவன் எம்புவதையே குறைத்துவிடுவான். மனித சுபாவம் அது. கல்யாண வளவில் பந்தி விசாரிக்கிற அண்ணனைப் பார்த்திருக்கிறீர்களா? யார் இலையில் எது தீர்ந்தது, எந்த மாமா இன்னும் உட்காரவில்லை, எந்தக் குழந்தைக்குக் காரம் ஆகாது என்பதெல்லாம் அவர் கண்ணில் இருக்கும். அவருக்கும் பசி உண்டு. அதற்காக நடுப்பந்தியில் வாளியை இறக்கிவைத்துவிட்டு இலை போட்டு உட்கார்ந்தால் அந்தக் கல்யாணம் என்ன ஆகும்?

பெரிய கணக்கு வேண்டுமானால் பர்மாக் காலத்தை நினைத்துப் பாருங்கள். முதலாளி இங்கே ஊரில் இருப்பார். ரங்கூன் கடையை நடத்த மூன்று வருஷக் கணக்குக்கு ஏஜெண்டு போவார். அவருக்குக் கீழே மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன். ஏஜெண்டின் சாமர்த்தியம் எல்லாம் யாருக்கு எவ்வளவு, எப்போது கொடுப்பது என்பதில்தான் இருந்தது. கடைப் பணத்தில் தனக்கென்று ஒரு சொந்தக் கொடுக்கல் வாங்கலை ஆரம்பித்த ஏஜெண்டை அடுத்த கணக்குக்கு யார் அனுப்புவார்கள்?

"அதெல்லாம் பழங்கதை, அமெரிக்காவைப் பாருங்கள்" என்றார் ஒரு நண்பர். பார்த்தேன். அங்கே கல்லூரிக் கால்பந்து என்று ஒன்று இருக்கிறது. பெயர்தான் கால்பந்து, பந்து பெரும்பாலும் கையில்தான். அதில் குவார்ட்டர்பேக் என்ற நடு நாயகனைப் பற்றி இதே சண்டை: பந்தோடு தானே ஓடுகிறவன் வேண்டுமா, நின்று நிதானித்து எறிகிறவன் வேண்டுமா? நண்பர் காட்டிய உதாரணம் 2006 ஜனவரி 4-ம் தேதி நடந்த ரோஸ் பௌல் ஆட்டம். டெக்ஸாஸ் கல்லூரியின் வின்ஸ் யங் 200 கஜம் தானே ஓடினார். முடிய 19 வினாடி இருக்கும்போது கடைசிக் கோட்டைத் தாண்டியதும் அவர்தான். 34 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து வந்த தென் கலிபோர்னியா 41-38 என்று தோற்றது. "பார்த்தீர்களா, ஓடுகிறவன் ஜெயித்தான்!" என்றார். அதே ஆட்டத்தின் மற்றக் கணக்கையும் எடுத்துப் பார்த்தேன். அதே வின்ஸ் யங் அன்று 40 தடவை பந்தை எறிந்திருக்கிறார். அவற்றில் 30 அவருடைய ஆட்கள் கையில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. எறிவார் என்று பயந்து எதிரிகள் விலகி நின்றதால் அல்லவா ஓட வழி கிடைத்தது? நண்பர் பேச்சைக் கிரிக்கெட்டுக்கு மாற்றிவிட்டார்.

நான் காட்டும் உதாரணம் ஜப்பானுடையது. கட்ஸுதோஷி நெகோடா என்ற செட்டர், ஆறடிகூட இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம், 1968 மெக்ஸிகோவில் வெள்ளி, 1972 மியூனிக்கில் தங்கம். பயிற்சியாளர் மட்சுதைராவின் கோஷ்டி அது. ஐரோப்பியர்களைப் போல உயரத்தில் மோதிப் பயனில்லை என்று கண்டு, ஒருவன் அடிப்பதுபோல் எம்ப, இன்னொருவன் ஒரு கணம் பிந்தி வந்து அடிக்கும் தந்திரங்களை அவர்கள் வளர்த்தார்கள். இந்தத் தந்திரமெல்லாம் ஒரே ஒருவன் விரல் நுனியை நம்பி இருப்பது. மியூனிக் அரையிறுதியில் பல்கேரியாவிடம் முதல் இரண்டு செட்டையும் இழந்து, பிறகு மூன்றையும் தொடர்ந்து ஜெயித்தார்கள். தேர்வுக் களத்தில் நாடாவோடு நம்மவர் யாராவது நின்றிருந்தால் நெகோடா வாசலோடு திரும்பியிருப்பார்.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். நம் பக்கத்தில் வாலிபால் வெறும் மாலைப் பொழுதுபோக்கு அல்ல. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம், பிறகு ரயில்வேயிலோ போலீசிலோ ஒரு வேலை என்று கண்மாய்க்கரைப் பொட்டலில் பந்து தட்டுகிற பையனுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அவன் தாய்க்கும் இருக்கிறது. ஐந்தரை அடிப் பையன் ஒருவன் ஆறு வருஷம் விரல் தேயப் பழகி இந்த ஒரு வேலையில் கெட்டிக்காரனாகிறான். தேர்வு நாளில் அவனைச் சுவரோரம் நிறுத்தி அளந்து, "நீ லிபரோவாப் போயிடு தம்பி" என்கிறார்கள். 1998-ல் வந்த அந்த லிபரோ என்பது பின்வரிசையில் பந்தை வாங்குவதற்கென்றே உள்ள தொழில்; வலையோரம் மூன்று மீட்டர் கோட்டுக்குள் நின்று விரலால் அவன் தூக்கிக் கொடுத்தால், அதை வலைக்கு மேலே அடிக்கக் கூடாது என்று தடை வேறு. தச்சனைப் பார்த்து, உளியை வைத்துவிட்டுக் கொத்தனாராகப் போ என்பதுபோல இருக்கிறது. இன்னொரு பக்கம், நல்ல ஸ்மாஷராக வந்திருக்கக்கூடிய உயரமான பையனை இழுத்துவந்து செட்டராக்கி அவனையும் கெடுக்கிறார்கள். பெண்கள் கோஷ்டிகளிலும் இதே கூத்து நடக்கிறது. வலை அங்கே தாழ்ந்திருப்பதால் உயரமான பெண்ணுக்குத் தட்டும் ஆசை இன்னும் அதிகம் எழும் என்பது என் சந்தேகம்.

ஆகவே தேர்வு வைக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நல்ல பந்தை யாரும் தூக்கிக் கொடுப்பான். செட்டர் இடத்துக்கு வருகிற ஒவ்வொருவனுக்கும் பத்துக் கெட்ட பந்து போடுங்கள்: பின்னால் போவது, வலையை ஒட்டி வருவது, தாழ்வாகச் சுழன்று வருவது. அவற்றில் எத்தனை பந்து, ஸ்மாஷர் தன் ஓட்டத்தை நிறுத்தாமல் அடிக்கும்படியாக வந்து சேர்ந்தது என்று நோட்டில் குறியுங்கள். ஸ்மாஷர்களையும் தனியே கூப்பிட்டு, யார் கொடுத்தது கைக்கு வாட்டமாக இருந்தது என்று கேளுங்கள், கூச்சப்படாமல் சொல்வார்கள். இரண்டு பேர் சமமாக நின்றால், அப்போது நாடாவை எடுத்து உயரமானவனையே வைத்துக் கொள்ளுங்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன்.