குளக்கரையில் இரண்டு நாள், குன்னூரில் இரண்டு நாள்

நாலு நாள் எங்கேயாவது போய்வரலாம் என்றால் நம் வீடுகளில் முதலில் பேச்சு எழுவது கோயிலைப் பற்றி. அடுத்தது யார் வீட்டுக் கல்யாணம் என்று. இரண்டிலும் நமக்கு ஓய்வு என்பது கிடையாது. கோயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். கல்யாண வீட்டிலோ, போன நிமிஷமே இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட வேண்டும். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, சகோதரிகளே. பறவை பார்க்கப் போவது! சிரிக்காதீர்கள். இந்த ஜனவரி முதல் வாரத்தில் நான் போய்வந்தேன். கோயம்புத்தூரில் இரண்டு நாள், குன்னூரில் இரண்டு நாள்.

கோவையில் இருப்பது என் கொழுந்தனார் வீடு. என் மாமியார் கடைசி இரண்டு வருஷமும் அங்கேதான் படுக்கையில் இருந்தார். பார்த்துக்கொண்டவள் என் ஓரகத்தி. விடிகாலை நாலு மணிக்குத் துணி மாற்றுவதில் ஆரம்பித்து, இரவு கடைசி மாத்திரை வரை அவள் கைதான். போன ஆடியில் அத்தை காலமானார். ஆறு மாதமாகியும் இவளுக்கு நாலு மணிக்கு விழிப்பு வருவது நிற்கவில்லை. “எந்திரிச்சு உக்காந்துக்கறேனுங்க்கா. செய்யறதுக்குத்தான் ஒண்ணுமில்லை” என்று போனில் சொன்னாள். நீண்ட நாள் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இப்படி ஆவது சகஜம். வேலை நின்றுவிடும்; உடம்பு நிற்காது. இது வாரக்கணக்கில் நீண்டு, சாப்பாடும் இறங்காமல் போனால் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். அவளையும் காட்டினோம். அவர் எழுதிக்கொடுத்த மாத்திரை பாதி. தினமும் காலையில் வெளியே நடக்க வேண்டும் என்பது மீதி.

“வருஷம் திரும்பலையே, மலையேறலாமா?” என்று சின்னத்தை தடை சொன்னார். “மலைக்கோயிலுக்குத்தானே ஏறக்கூடாது? நாங்கள் குருவி பார்க்கத்தானே போகிறோம்” என்றேன். அதற்கு அவரிடம் சாஸ்திரம் இல்லை. கொழுந்தனார் வரவில்லை. கல்லூரியில் படிக்கும் அவர் மகன்தான் துணை. பைனாகுலரும் அவனுடையது, பறவைப் பெயர்களும் அவன் சொன்னவை.

கோவைக்காரர்களுக்குத் தங்கள் ஊர்க் குளங்களின் அருமை தெரியாது என்பது என் அபிப்பிராயம். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர், சூலூர் என்று நொய்யல் தண்ணீரை நம்பிய பழைய குளங்கள் ஊரைச் சுற்றிலும் கிடக்கின்றன. சாக்கடையும் கலக்கிறது, ஆகாயத்தாமரையும் படர்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் தாண்டிப்போகிற அதே தண்ணீருக்கு, இமயமலைக்கு அப்பாலிருந்தும் வாத்துகள் வந்து இறங்குகின்றன. நீலச்சிறகி என்று ஒரு சின்ன வாத்து. அரைக்கிலோகூடத் தேறாது. அது குஞ்சு பொரிப்பது ஐரோப்பா, சைபீரியா பக்கம். அங்கே குளங்கள் உறைந்துபோகும் முன்பே தெற்கே கிளம்பிவிடும். குளிரைவிட, இரை கிடைக்காமல் போவதுதான் பெரிய காரணம்.

உக்கடம் கரையில் ஆறரை மணிக்கு நின்றோம். கூழைக்கடாக்கள் பெரிய பெரிய தோணிகளைப் போல மிதந்தன. நெற்றியில் வெள்ளை நாமத்தோடு கருப்பாக நாமக்கோழி. சேற்றோரம் நீலத் தாழைக்கோழி ஒன்று, கோரைத் தண்டைக் காலால் பிடித்துக்கொண்டு, நாம் முருங்கைக்காயைப் பிடித்துக் கடிப்போமே, அப்படிக் கடித்துக்கொண்டிருந்தது. என் ஓரகத்தி எல்லாவற்றையும் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை.

இலைமேல் நடந்துபோகும் ஒரு பறவையைப் பையன் காட்டினான். நீளவால் இலைக்கோழி. மழைக்காலத்தில்தான் வால் நீளம். இப்போது குட்டை வால். “இதுல பொம்பளைப் பறவை முட்டை மட்டும் போடும் பெரியம்மா. அடைகாக்கறது, குஞ்சு பாத்துக்கறது எல்லாம் ஆம்பளைதான். அது முட்டை போட்டுட்டு வேற ஜோடி தேடிப் போயிரும்” என்றான். இவள் பைனாகுலரை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு, “உங்க கொழுந்தனாரை ஒரு நாள் இங்க கூட்டியாந்து காட்டோணும்” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் ஆறு மாதத்தில் யாரும் கேட்காத சிரிப்பு. நானும் சிரித்தேன். பையன் மட்டும் பாவம், குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் குளத்துக்குக் கிளம்பும்போது, இருட்டு சரியாகப் பிரியவில்லை. கொல்லைப்புறத்தில் வேப்பஞ்சருகுக்குள்ளிருந்து இரண்டே சுரத்தில் ஒரு விசில் கேட்டது. ஆறுமணிக்குருவி என்றான் பையன். பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் எல்லாம் சேர்ந்த அழகான பறவை. வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு, மழை முடிகிற சமயம் நம் பக்கம் வரும். காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிக் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். இவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். “அத்தைக்குப் பால் குடுக்கற நேரத்துக்கு இது கத்தும்க்கா. ‘யாரு கூப்பிடறா பாரு’ம்பாங்க. ஒரு நாளும் வந்து பாக்க முடியலை.” அன்றைக்கும் அது கண்ணில் படவில்லை. கீழே சருகைப் புரட்டித் தின்கிற ஜாதி, நின்று காட்டாது.

குன்னூருக்கு மேட்டுப்பாளையம் வழியாகப் போக வேண்டும். மலை ரயில் 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் ஓட ஆரம்பித்தது. பல்சக்கரத்தைப் பிடித்து ஏறுவதால் மெதுவாகத்தான் போகும். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், ஆனால் டிக்கெட்டை முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் ஏமாற்றம்தான். நாங்கள் காரில் போனோம். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வருகிறவர்கள் வெறும் வயிற்றோடும் கிளம்பக்கூடாது, நெய்ப்பொங்கல் ஒரு பிடி பிடித்துவிட்டும் கிளம்பக்கூடாது. இரண்டு இட்லி, கையில் ஒரு துண்டு இஞ்சி, முன்சீட்டு, தூரத்தில் பார்வை. இவ்வளவுதான் வைத்தியம். நீலகிரிக்குப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகக் கூடாது. எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மே மாதம் முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறையும் வந்திருக்கிறது. புறப்படுமுன் விசாரித்துவிடுவது நல்லது.

எல்லாரும் ஊட்டிக்கு ஓடுகிறார்கள். கைக்குழந்தையோ வயதானவர்களோ கூட இருந்தால் நான் குன்னூரைத்தான் சொல்வேன். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். ஜனவரியில் புல்லின்மேல் உறைபனி படியும். குன்னூர் ஏறக்குறைய 400 மீட்டர் தாழ்வு, குளிர் தாங்கக்கூடியது. கனமான ஒரே ஸ்வெட்டரைவிட மெல்லியதாக இரண்டு போடுவது மேல். இடையில் தங்குகிற காற்றுதான் சூட்டைக் காக்கிறது. விடிகாலையில் குருவிகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு பந்து மாதிரி உட்கார்ந்திருப்பதும் இதற்குத்தான். வீசிங் உள்ள குழந்தைகளை அழைத்துப்போவதானால் முன்பே டாக்டரைக் கேட்டுக்கொண்டு, மருந்தைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள்.

சிம்ஸ் பூங்கா 1874-ல் உண்டானது. பெரிய பெரிய மரங்கள், சரிவில் இறங்கும் பாதைகள். அங்கே ஒரு மரத்தடியில் அரை மணி நேரம் நின்றதற்குக் கிடைத்தவை: இங்கேயே இருக்கிற, அவுரி நீலத்தில் நீலகிரி ஈப்பிடிப்பான், எங்கிருந்தோ வந்த, தொண்டையும் மார்பும் செங்கல் நிறத்தில் காஷ்மீர் ஈப்பிடிப்பான். பின்னது கோடையில் காஷ்மீர்ப் பக்கத்துக் காடுகளில் கூடு கட்டும். குளிர்காலத்துக்கு நம் மேற்குத்தொடர்ச்சி மலைக்கும் இலங்கையின் மலைகளுக்கும் வந்துவிடும். சாக்கடை ஓரத்தில் வாலை ஆட்டிக்கொண்டு சாம்பல் வாலாட்டி. எடை சுமார் 20 கிராம், ஒரு சின்னக் கைப்பிடி துவரம்பருப்பு. அதுவும் வடக்கிலிருந்து வந்ததே. தேயிலைத் தோட்டத்து வேலியெல்லாம் சிவப்பு மீசைக் கொண்டைக்குருவிகளின் கூச்சல்.

இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கே கிளம்புவதாகப் பேச்சு. நானும் பையனும் குல்லாய், மப்ளர் சகிதம் தயார். இவள் கம்பளிக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பப் போன பையனைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஏழு அடித்தது, ஏழரையும் அடித்தது. ஜன்னல் வழியாகத் தெரிந்த புறாவும் கொண்டைக்குருவியும் எங்களுக்குப் போதுமாக இருந்தன. எட்டு மணிக்கு எழுந்து, “அய்யோ, வெளிச்சமாயிருச்சே! எழுப்பக்கூடாதுங்களாக்கா?” என்று பதறினாள். “காபி குடி கண்ணு” என்றேன்.

இன்னும் இரண்டு சமாசாரம். வெளியே போனால் பாத்ரூம் இருக்காது என்று தண்ணீரே குடிக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறோமே, அது கூடாது. ஊர் திரும்பியதும் நீர்க்கடுப்பு வந்து அவதிப்படுவது நாம்தான். குளிரில் தாகம் தெரியாது. ஆனாலும் குடிக்க வேண்டும். எந்தப் பூங்காவில், எந்த ஹோட்டலில் சுத்தமான கழிப்பறை இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொண்டு அதற்கேற்பப் பிரயாணத்தைப் போடுங்கள். கேட்பதற்கு வெட்கம் வேண்டாம்.

பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8×42 என்று போட்டது சௌகரியம். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். அதற்குமேல் மடங்கு கூடினால் நம் கை நடுக்கமும் கூடித் தெரியும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண்வைக்கும் இடத்து ரப்பர் வளையத்தை உள்ளே தள்ளிவிட்டுப் பார்க்கலாம். வீட்டுக்கு ஒன்று போதும், மாற்றி மாற்றிப் பார்க்கலாம். அடித்துக்கொள்ளாமல் பார்ப்பதற்குக் குழந்தைகளைப் பழக்குவது உங்கள் சாமர்த்தியம்.

இதற்கெல்லாம் பணமும் லீவும் இல்லாதவர்களுக்கு மொட்டைமாடி இருக்கிறது. 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும், இருக்கிற இடத்திலேயே, 15 நிமிஷம் பார்த்துக் குறித்து, இணையத்தில் ஏற்றிவிடலாம். துக்க வருஷமானதால் கொழுந்தனார் வீட்டில் இம்முறை பொங்கல் இல்லை. பானை வைக்காத அந்தக் காலையில் இவள் நோட்டுப் புத்தகத்தோடு மாடிக்குப் போயிருக்கிறாள். பத்தரைக்குப் போன் வந்தது.

“பதினோரு ஜாதிங்க்கா. காக்கா, மைனா, கொண்டைக்குருவி எல்லாம் சேர்த்துத்தான். ஆறுமணிக்குருவி சத்தம் மட்டும் கேட்டுது. பாக்காம எழுதலாமுங்களா?”

குரலை வைத்தும் எழுதலாம் என்று பையன் பின்னாலிருந்து கத்தியது எனக்கே கேட்டது.