வலிப்புக்கு அறுவை: தயக்கம் இனி வேண்டாம்

திருவனந்தபுரத்தில் இருக்கிறது ஸ்ரீ சித்திரா திருநாள் மருத்துவ நிலையம். டாக்டர் கே. ராதாகிருஷ்ணன் முன்னின்று 1995-இல் இங்கே வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சைத் திட்டத்தைத் தொடங்கினார்.

யாரையும் எடுத்த எடுப்பில் அறுவை அரங்குக்குக் கொண்டுபோவதில்லை. தலையெங்கும் மின்முனைகளை ஒட்டி, இரவு பகலாகக் கேமராவில் பதிவு செய்து, வலிப்பு வரும்வரை காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் வாய் மென்றதா, எந்தக் கை முறுக்கியது, மூளை அலை எங்கே முதலில் மாறியது என்று பார்த்து, எம்.ஆர்.ஐ. படத்தோடு ஒப்பிடுகிறார்கள். பேச்சும் நினைவாற்றலும் பாதிக்கப்படுமா என்பதையும் சோதித்த பிறகே கத்தி.

பலன் உண்டா? மூளையின் பொட்டுமடலில் தொடங்கும் வலிப்பு உள்ள 80 பேரிடம் கனடாவில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். ஓராண்டு முடிவில் சுயநினைவைக் குலைக்கும் வலிப்பு இல்லாதவர்கள் அறுவைப் பிரிவில் 58 சதவீதம். மாத்திரைப் பிரிவில் வெறும் 8.

இருந்தும் கோயில், மந்திரிப்பு, மருந்து மாற்றம் என்றே பல குடும்பங்களில் ஆண்டுகள் ஓடுகின்றன. படிப்பும் வேலையும் கல்யாணமும் கைநழுவிப் போகின்றன. இது கொடுமை.

சரியாகத் தேர்ந்து கொடுத்த இரண்டு மருந்துகளுக்கும் வலிப்பு அடங்கவில்லையா? மூன்றாவது மருந்தோடு நின்றுவிடாமல், அறுவைக்கு வாய்ப்புண்டா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.